ஏற்றத்தில் ஆமை, இறக்கத்தில் அலறல்: மலைநாட்டில் மின்கார் பேட்டரியின் சூட்டைக் கண்டுபிடிப்பது

இலங்கை மலைநாட்டின் ரம்பொடை வளைவில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் லொறியைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் எங்கள் பக்கம் இல்லை. ரேடியேட்டர் ஆவி கக்கும், கிளீனர் பையன் வாளியோடு பீலிக்கு, மலைத் தண்ணீர் விழும் இடத்துக்கு, ஓடுவான், கால் மணி நேரத்தில் லொறி மறுபடி ஏறும். சூடு கண்ணுக்குத் தெரிந்த காலம் அது. மின்காரில் ஆவி வராது. பேட்டரி 50 பாகையைத் தொட்டாலும் வெளியே ஒன்றும் தெரியாது. டேஷில் ஒரு குட்டி ஆமை எரியும். அக்சிலேட்டரை அழுத்தினால் வண்டி யோசித்து யோசித்து நகரும். அவ்வளவுதான்.

ஹட்டன் பக்கம் சின்ன கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். வருவது பெரும்பாலும் ஜப்பானில் ஓடி முடித்து வந்த லீஃப் மின்கார், பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் பிரியஸ், அக்வா, வெசல் ஹைபிரிட்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்த பிறகு, பேட்டரியை ஆற்றும் திரவம், அதாவது கூலன்ட், ஓடும் புது மின்கார்களும் எட்டிப் பார்க்கின்றன. எல்லோரும் வந்து சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "அண்ணே, பேட்டரி போயிருச்சு." போயிருக்காது. அல்லது, முழுசாகப் போயிருக்காது. எந்த வண்டி வந்தாலும் நான் கேட்பது இரண்டு கேள்வி. சூடு எங்கே பிறக்கிறது? வெளியே போகும் வழியில் எங்கே அடைபடுகிறது? இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் பேக்கை, அதாவது முழு பேட்டரிப் பெட்டியை, மாற்றினால் புது பேக்கும் அதே மாதிரிதான் வேகும்.

கை வைக்கும் முன்

ஆரஞ்சு நிற வயர் எதையும் பழக்கம் இல்லாதவர் தொடக் கூடாது. பேக்கின் மின்சுற்றை நடுவில் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, 10 நிமிடம் பொறுத்து, மீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் நாங்களே உள்ளே போவோம். அந்த 10 நிமிடம், பேட்டரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றும் இன்வெர்ட்டரில் இருக்கும் கெப்பாசிட்டர் வடிவதற்கு. பேக்குக்குள் இருக்கும் மொடியூல்களுக்கு, அதாவது செல்களைச் சேர்த்துக் கட்டிய பெட்டிகளுக்கு, இந்தக் கணக்கு கிடையாது. பிளக்கைக் கழற்றினாலும் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வரிசைகளில் வோல்ட் அப்படியே உயிரோடு இருக்கும். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை வேண்டும். மாட்டும் முன் ஊதிப் பார்த்து ஓட்டை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மோதிரம், அரைஞாண், சங்கிலி எல்லாம் கழற்றிவிட வேண்டும்.

கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் பேக்கைத் திறக்காமலே பார்க்கலாம். வண்டியின் கணினியைப் படிக்க டேஷுக்குக் கீழே மாட்டும் ஓபிடி டொங்கிள் ஒன்று, போனில் லீஃப் என்றால் லீஃப்ஸ்பை செயலி, பிரியஸ் குடும்பம் என்றால் டொக்டர் பிரியஸ் செயலி. இது போதும்.

ஏற்றத்தில் சக்தி குறைகிறது, ஆமை எரிகிறது

முதலில் ஒரு கணக்கு. பேராதனை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 480 மீட்டர், நுவரெலியா 1868 மீட்டர். நான்கு பேரோடு 1800 கிலோ எடையுள்ள கார் இந்த 1390 மீட்டரை ஏற, உயரத்துக்கு மட்டும் 6.8 கிலோவாட் மணி வேண்டும். டயர், காற்று, லைட், ஹீட்டர் எல்லாம் தனி. 24 கிலோவாட் மணி லீஃப் வயதாகி 15 ஆகக் குறைந்திருந்தால், ஏறக்குறைய பாதி பேட்டரியை மலைக்கே கொடுத்துவிடுகிறீர்கள்.

ஆனால் சூட்டைத் தீர்மானிப்பது எவ்வளவு ஏறினோம் என்பதல்ல, எப்படி ஏறினோம் என்பது. பேக்கின் உள்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நிதானமாக 50 ஆம்பியரில் ஏறினால் உள்ளே பிறக்கும் சூடு 250 வாட், ஒரு பெரிய பல்பு அளவு. பஸ்ஸை முந்த 200 ஆம்பியர் இழுத்தால் 4000 வாட். மின்னோட்டம் நான்கு மடங்கு, சூடு பதினாறு மடங்கு. லீஃப் பேக் 300 கிலோவுக்குக் கிட்ட இருப்பதால் ஒரு மணி நேரம் 250 வாட்டைப் போட்டாலும் 3, 4 பாகைதான் ஏறும். முந்தி முந்தி ஓட்டுபவருக்குத்தான் சிவப்புக் கோடு. பேக் கிழடாகி உள்தடை இரட்டித்தால் எல்லா எண்களும் இரட்டிக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆமை எரிகிறது. ஓரமாக நிறுத்தி ஸ்கேனரைப் பாருங்கள். பேட்டரி வெப்பம் சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தால் வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அது பழுதல்ல, வேலை. லீஃபின் பேக்குக்குள் ஃபேனும் இல்லை, கூலன்ட் குழாயும் இல்லை. அடைத்த பெட்டி. பொனட்டைத் திறந்து வைத்தாலும் தண்ணீர் ஊற்றினாலும் உடனே ஆறாது, பெட்டியின் தகரம் வழியாக மணிக்கணக்கில் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, மீதி ஏற்றத்தைச் சிக்கன (ஈகோ) மோடில் வைத்து ஏறுங்கள்.

வெப்பம் 30 பாகைதான், ஆனாலும் ஆமை என்றால் கதை வேறு. 96 செல் சோடிகளின் வோல்ட்டைக் காட்டும் பக்கத்துக்குப் போய், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஏற்றத்தில் அழுத்தச் சொல்லிப் பாருங்கள். எல்லாக் கோடுகளும் சேர்ந்து இறங்கினால் முழு பேக்கும் கிழடு, அல்லது சார்ஜ் குறைவு. ஒரே ஒரு கோடு மட்டும் குழிக்குள் விழுந்தால் அந்த ஒரு செல்லைக் காப்பாற்றத்தான் வண்டி மொத்தத்தையும் கட்டிப்போடுகிறது. அந்த ஒற்றைக் கோட்டைப் பற்றிக் கீழே நிறையச் சொல்ல இருக்கிறது.

வெப்பமும் செல்லும் சரி என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸில் இன்வெர்ட்டரின் கூலன்ட் பம்ப் நின்றாலும் இதே மாதிரி சக்தி போகும். ஸ்கேனரில் பிழைக் கோட் பி0ஏ93 வரும். வண்டியை ஓடத் தயாரான ரெடி நிலையில் போட்டு இன்வெர்ட்டர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் சுழன்றால் பம்ப் உயிரோடு இருக்கிறது. குளம் மாதிரி அசையாமல் கிடந்தால் பம்ப் போய்விட்டது.

பின் சீட்டுப் பக்கம் ஃபேன் கத்துகிறது

ஹைபிரிட்டுக்கு மட்டும் உள்ள அறிகுறி இது. கொட்டகலைப் பக்கமிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் பிரியஸோடு வந்தார். டேஷில் சிவப்பு முக்கோணம், கோட் பி0ஏ80. இன்னொரு இடத்தில் பேட்டரி முழுசாக மாற்ற வேண்டும் என்று சொல்லி விலையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"சேர், பின் சீட்ல யாரு உக்காருவாங்க?"

"வீட்டம்மாதான் தம்பி. குளிரு தாங்க மாட்டா, எந்நேரமும் கம்பளிய போத்திக்கிட்டுதான் வருவா."

கதவைத் திறந்தால், மடித்து வைத்த கம்பளி சீட்டின் ஓரத்தில் காற்று இழுக்கும் ஜன்னலை அப்படியே மூடிக்கொண்டு கிடந்தது. அந்தக் கம்பித் திரைக்குப் பின்னால்தான் பேட்டரியின் மூச்சு. வண்டிக்குள் இருக்கும் காற்றை அந்த வழியாக இழுத்துத்தான் 28 மொடியூல்களுக்கு நடுவே அனுப்புகிறது. அக்வாவில் இதே ஜன்னல் பின் சீட்டுக்குக் கீழே இருக்கும், அதனால் பையும் செருப்பும் அடைக்கும். ஃபேனைக் கழற்றினேன். இறக்கைகளில் கம்பளி நூல் மெத்தை மாதிரி படிந்திருந்தது. விரலால் வழித்தால் தாள் தாளாக உரிந்து வந்தது.

ஃபேனைக் கழுவிக் காயவைத்து மாட்டியதோடு வேலை முடியவில்லை. பல மாதம் மூச்சுமுட்டிய பேக்கில் நடுவில் உள்ள மொடியூல்கள்தான் முதலில் சாகும், ஓரத்தில் உள்ளவை பெட்டியின் தகரத்தைத் தொட்டு ஆறிக்கொள்ளும். பிரியஸ் கணினி இரண்டிரண்டு மொடியூலாகச் சேர்த்து 14 பிளாக்குகளாக அளக்கிறது. ஆறாவது ஏழாவது பிளாக்கில்தான் தாழ்வு இருந்தது, ஓரம் எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டு மொடியூலை, மற்றவற்றோடு கொள்ளளவு ஒத்துப்போகிற மாதிரி தேடி மாற்றினோம். முழு பேக் தேவைப்படவில்லை.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு விஷயம்: நுவரெலியா குளிருக்கு ஹீட்டரைக் கூட்டி வைத்து ஓட்டினால் பேட்டரியும் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் குடிக்கும். அதோடு 1900 மீட்டருக்குக் கிட்ட காற்றே மெலிசு. கடல்மட்டத்தை விட ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தூக்கிச் செல்லும் சூடு அந்த அளவுக்குக் குறையும். வெளிக் குளிர் அதை ஈடுகட்டிவிடும்தான், ஆனால் ஹீட்டர் போட்டவருக்கு அந்த ஈடும் கிடையாது.

இறக்கத்தில் ரீஜென் வரவில்லை, பிரேக் மணக்கிறது

ரீஜென் என்பது இறக்கத்தில் மோட்டரே வண்டியைப் பிடித்து, அந்த வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவது. இந்தப் புகாரைக் கொண்டு வருபவர்களில் அநேகர் முதல் நாள் இரவு நுவரெலியாவில் தங்கி, விடிய விடியச் சார்ஜ் போட்டு, 100 சதவீதத்தோடு காலையில் இறங்கியவர்கள். நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? மலை திருப்பிக் கொடுக்கும் மின்சாரத்தை வாங்க இடம் இல்லாததால் வண்டி ரீஜெனை அடைத்துவிடும். வேகம் முழுக்க பிரேக் பேட்டின் தலையில் விழும். நுவரெலியாவிலிருந்து இறங்குவதென்றால் 80, 85 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

குளிர்ந்த பேட்டரியும் வாங்க மறுக்கும். ஜனவரி விடியலில் புல்லில் வெள்ளையாக உறைபனி கிடக்கும் நாட்களில், முதல் சில கிலோமீட்டருக்கு ரீஜென் பலவீனமாகத்தான் இருக்கும். உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் மேலே உலோகமாகப் படியும். அதைத் தவிர்க்கத்தான் அந்தக் கட்டுப்பாடு.

ஹைபிரிட்காரர்களின் புகார் வேறு மாதிரி: "எறக்கத்துல கால எடுத்தா இன்ஜின் கத்துது." பிரியஸின் பேட்டரி 1.3 கிலோவாட் மணிதான். நானுஓயாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கி முடிவதற்குள்ளேயே நிறைந்துவிடும். அதற்குப் பிறகு வண்டி இன்ஜினைச் சும்மா சுற்றவைத்து வேகத்தைப் பிடிக்கிறது. பழைய லொறி சாரதிகள் இரண்டாம் கியரில் இறங்கியது இதற்காகத்தான். பயப்பட வேண்டாம்.

40 சதவீதச் சார்ஜில், மத்தியான வெயிலில், ரீஜென் வரவில்லை என்றால்தான் ஸ்கேனரை எடுங்கள். ஏதோ ஒரு செல் மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் உச்சியைத் தொடுகிறது.

ஒரு மொடியூல் மட்டும் சூடு, ஒரு கோடு மட்டும் குழி

என் கராஜில் அதிக நேரம் போவது இங்கேதான்.

ஏற்றத்தில் ஒரு செல் சோடி மட்டும் 150 மில்லிவோல்ட் கீழே விழுகிறது என்று வையுங்கள். இரண்டு காரணம் இருக்கலாம். செல்லே பலவீனம், அல்லது செல்லையும் அடுத்ததையும் சேர்க்கும் பஸ்பார்த் தகட்டின் பிடி பலவீனம். வெளியிலிருந்தே பிரிக்கலாம். அக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்கும்போது அந்தக் கோட்டைப் பாருங்கள். காலோடு சேர்ந்து கோடும் பட்டென்று மற்றவற்றோடு சமமானால் அது பிடி. கோடு மெல்ல மெல்ல நிமிடக்கணக்கில் எழும்பினால் அது செல். பிடியின் குறை எந்தச் சார்ஜிலும் ஒரே அளவில் தெரியும். செல்லின் குறை சார்ஜ் குறையக் குறைய ஆழமாகும்.

150 ஆம்பியர் ஓடும்போது 150 மில்லிவோல்ட் என்றால் அந்தப் பிடியில் தடை ஒரு மில்லி ஓம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் அங்கே பிறக்கும் சூடு 22 வாட்டுக்கு மேல், விரல்நுனி அளவு இடத்தில். சோல்டரிங் கம்பியின் நுனியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி வந்த ஒரு லீஃபின் பேக்கைத் திறந்தோம். 48 மொடியூலும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி, ஆளுக்கொரு வெள்ளித் தகரப் பெட்டி. குறித்து வைத்த சோடியின் தகட்டில் மட்டும் செம்பு தன் பளபளப்பை இழந்து, வெந்த வெல்லத்தின் நிறத்துக்கு மாறியிருந்தது. பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியின் ஓரம் லேசாகச் சுருண்டிருந்தது. ஸ்பேனரை வைத்தேன், நட்டு கால் சுற்றுச் சும்மா நகர்ந்தது. முன்பே யாரோ திறந்து, இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கி மூடியிருக்கிறார்கள். தகட்டைக் கழற்றி, முகத்தை மெல்லிய மணல்தாளால் தேய்த்து, துடைத்து, மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கினோம். கூடவும் கூடாது. இந்தப் போல்ட்டுகள் சின்னவை, கை பலம் காட்டினால் மொடியூலுக்குள் திருகு வழுக்கும், பிறகு மொடியூலே வீண்.

ஒரு கோடு மேலேயும் அடுத்த கோடு அதே அளவு கீழேயும் காட்டினால் செல்லையும் சந்தேகிக்காதீர்கள், பஸ்பாரையும் சந்தேகிக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் வோல்ட் அளக்கும் மெல்லிய வயரின் முனையில் பச்சை பூத்திருக்கும். மிஸ்ட் அடிக்கும் ஊரில் இது சகஜம்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பொஸ்பேட்) செல் உள்ள புது வண்டிகளில் இந்த விளையாட்டு அவ்வளவு சுலபமில்லை. அந்த இரசாயனத்தில் நடுச்சார்ஜில் வோல்ட் கோடு மேசை மாதிரி தட்டை. 40 சதவீத செல்லும் 60 சதவீத செல்லும் ஒரே வோல்ட்டைக் காட்டும். முழுச் சார்ஜுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்தான் வித்தியாசம் பார்க்க வேண்டும்.

அப்புறம் கூலன்ட் ஓடும் பேக்குகள். இதற்குக் கொஞ்சம் வடிவமைப்புத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சூடு எங்கே அடைபடும் என்பது பேக் கட்டிய விதத்தில் இருக்கிறது. டெஸ்லா மொடல் எஸ் 85-இல் விரல் பருமனான 7104 செல்கள், 16 மொடியூல். ஒவ்வொன்றிலும் ஒரு தட்டையான குழாய் செல்களுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். போர்ஷே டைகானின் பெரிய பேக்கில் பை மாதிரித் தட்டையான 396 செல்கள், பன்னிரண்டு பன்னிரண்டாக 33 மொடியூல், கூலன்ட் ஓடும் குளிர்ப்பலகை அடியில். முதல் அவுடி ஈ-ட்ரோனில் 36 மொடியூல், 22 லீட்டர் கூலன்ட், 40 மீட்டர் குழாய். தண்ணீர் செல் இருக்கும் அறைக்குள் வராதபடி கட்டியிருக்கிறார்கள், கசிந்தாலும் வெளியேதான் கசியும். மெர்சிடிஸ் ஏஎம்ஜியின் ஹைபிரிட் பேக் இதற்கெல்லாம் மேலே: 560 செல்களையும் மின்சாரம் கடத்தாத 14 லீட்டர் திரவம் நேரடியாகத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது, சராசரி 45 பாகையில் பிடித்து வைக்க. ரேஸ் வண்டிக்கு அவ்வளவு தேவை. ரம்பொடைக்குத் தேவையில்லை.

800 வோல்ட் வண்டி சூடாகாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. பாதி உண்மை. வோல்ட் இரட்டித்தால் அதே சக்திக்கு வயரில் ஓடும் ஆம்பியர் பாதி, வயரின் சூடு கால் பங்கு. ஆனால் செல்லுக்கு இது தெரியாது. அதே எண்ணிக்கைச் செல்கள் அதே சக்தியைக் கொடுத்தால் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பிறக்கும் சூடு அதேதான்.

பலகை அடியில் இருக்கும் பேக்கில், செல்லுக்கும் பலகைக்கும் நடுவே மேடுபள்ளத்தை நிரப்ப ஒரு களிம்பு இருக்கும். அதன் வழியாகத்தான் சூடு இறங்க வேண்டும். பேக்கைத் திறந்து மூடியவர் அதைப் பழையபடி நிரப்பாமல் விட்டால் நடுவில் காற்றுப் பை உருவாகும். காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. இதைத் திறக்காமலே கண்டுபிடிக்க நான் செய்வது: கூலன்ட் உள்ளே போகும் வெப்பத்தையும் வெளியே வரும் வெப்பத்தையும் செல்லின் வெப்பத்தோடு வைத்துப் பார்ப்பது. செல் சூடு, கூலன்ட் உள்ளே போவதற்கும் வருவதற்கும் பெரிய வித்தியாசம் என்றால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது: பம்ப், அடைப்பு, மடங்கிய ஹோஸ். செல் சூடு, ஆனால் கூலன்ட் போன மாதிரியே குளிர்ந்து வருகிறது என்றால் சூடு தண்ணீரை எட்டவே இல்லை. களிம்பு, அல்லது பேக்கைத் தவிர்த்து வேறு வழியில் தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வு. உள்ளே போகும் கூலன்டே சூடாக இருந்தால் குற்றம் பேக்கில் இல்லை, முன்னால் ரேடியேட்டரிலோ ஏசியிலோ.

கூலன்ட் குறைகிறது, தொட்டியில் களகளவென்று சத்தம்

சத்தம் என்றால் காற்று. ரேடியேட்டர் மாற்றியவர், ஹோஸ் மாற்றியவர் எல்லாம் காற்றை முழுசாக எடுக்காமல் விட்டிருப்பார்கள். குமிழி மேட்டில் போய் உட்காரும், அந்த இடத்துக்குக் கீழே இருக்கும் மொடியூல் மட்டும் வேகும். தட்டையான ரோட்டில் அடங்கிக் கிடக்கும் குமிழி, வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது இடம் மாறும். சமதளத்தில் எல்லாம் சரி, ஏற்றத்தில் மட்டும் ஒரு மொடியூல் சூடு என்றால் முதல் சந்தேகம் இதுதான். ஸ்கேனரில் பம்பை ஓடவிட்டுக் காற்றை எடுக்கும் முறை அநேக வண்டிகளில் உண்டு, வெற்றிடம் வைத்து நிரப்பினால் இன்னும் நல்லது.

பீலித் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பீலித் தண்ணீர் குடிக்க அமிர்தம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் கரைந்திருக்கும் உப்பு மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியப் பலகையை அரிக்கும். பல மின்கார்களின் கூலன்ட் மின்சாரத்தைக் குறைவாகக் கடத்தும்படி தனியாகச் செய்யப்படுவது. நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று பக்கத்துக் கடைப் போத்தலையும் கலக்காதீர்கள்.

முதல் வேகச் சார்ஜ் சரி, இரண்டாவது இழுக்கிறது

லீஃபில் இது சகஜம். 120 ஆம்பியரில் அரை மணி நேரம் போட்டால் மேலே சொன்ன அதே கணக்கில் 10 பாகை ஏறும். கொழும்பு வெயிலில் ஓடி, அவிசாவளை தாண்டி ஏறி, வழியில் ஒரு வேகச் சார்ஜ், ஹட்டனில் இன்னொன்று என்றால் ஆறுவதற்கு எங்கே நேரம்? இரவு மெதுவாகப் போடுங்கள், எங்கள் குளிர் இலவசமாக ஆற்றித் தரும். கூலன்ட் வண்டியில் இரண்டாவது சார்ஜ் குறைந்தால் ஏசி வாயு குறைவா என்று பாருங்கள். பேட்டரியைக் குளிர்விப்பதும் வண்டிக்குள் குளிர்விப்பதும் ஒரே கொம்பிரசர். குளிர் ஊரில் ஏசி போடாததால் வாயு போனதே தெரிந்திருக்காது.

மழை நாளில் மட்டும் மின்காப்பு எச்சரிக்கை

பேட்டரி மின்சாரம் வண்டியின் உடம்புக்குக் கசிகிறது என்று சொல்லும் எச்சரிக்கை இது. காலையில் வரும், மத்தியானம் மறையும், மறுநாள் திரும்ப வரும். நுவரெலியாக் குளிரில் இரவு முழுக்க நின்ற பேக் விடியலில் கீழே இறங்குகிறது. கினிகத்தேனைக்குக் கீழே ஈரமான சூட்டுக் காற்று. குளிர்ந்த தகரத்தின் மேல் அது வியர்க்கும், ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் மாதிரி. பேக்கின் மூச்சு வால்வும் ஓரத்து ரப்பரும் சரியாக இருந்தால் உள்ளே வராது. திறந்து மூடும்போது பழைய ரப்பரையே போட்டால் வரும்.

அளவு தெரிந்து வைத்திருங்கள்: நேர்மின்சாரச் சுற்றுக்கு மின்காப்புத் தடை வோல்ட்டுக்கு 100 ஓம் கட்டாயம், மாறுமின்சாரமும் சேர்ந்த சுற்றுக்கு 500. 400 வோல்ட் வண்டியில் 500 கணக்கில் 200 கிலோ ஓம். அதற்குக் கீழே போனால் வண்டி ரெடிக்கு வர மறுக்கலாம். எங்கே கசிகிறது என்று பார்க்க, பயிற்சி உள்ளவர் ஹீட்டர், ஏசி கொம்பிரசர், சார்ஜர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து அளப்பார். அதில் கொம்பிரசர் அடிக்கடி மாட்டும். மின் கொம்பிரசருக்கு மின்சாரம் கடத்தாத எண்ணெய் வேண்டும். சாதாரணக் காருக்கு ஊற்றும் எண்ணெயை ஊற்றியிருந்தால், பேக்கைப் பிரித்துப் பார்த்தும் ஒன்றும் கிடைக்காது. ஒரு தடவை இரண்டு நாள் அப்படித் தேடினேன்.

இனிப்பான கெமிக்கல் வாசம், சீறல், வெள்ளைப் புகை

இதற்குப் பிழை நீக்கம் கிடையாது. வண்டியை வீட்டை விட்டு, லயத்தை விட்டுத் தள்ளி நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், முடியாவிட்டால் விட்டுவிட்டு எல்லோரும் இறங்கிக் காற்று வரும் பக்கமாக விலகுங்கள். 110-க்கு அழைத்து மின்கார் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒரு செல் 100 பாகையைத் தாண்டித் தானே சூடு பிறப்பிக்கத் தொடங்கினால் பக்கத்துச் செல்லுக்கும் தொற்றும். அணைந்த மாதிரி தெரிந்து மணிக்கணக்கு கழித்து மறுபடி பற்றும். அப்படி ஒரு வண்டியைக் கராஜுக்குள் விட நான் சம்மதிப்பதில்லை, வெளியே வெட்டவெளியில்தான்.

சரி செய்த பிறகு

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வரை இறங்கித் திரும்பி ஏறுவேன், டொங்கிள் பதிந்துகொண்டே வரும். ஏறி முடித்ததும் மிகச் சூடான சென்சாருக்கும் மிகக் குளிர்ந்ததற்கும் 5 பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டியைக் கொடுக்க மாட்டேன். கொடுத்தாலும் சாவி இரவு என்னிடம்தான். மறுநாள் காலை, சுவிட்ச் போட்ட உடனே, வண்டி அசையும் முன், செல்களை ஒரு தடவை பார்ப்பேன். இரவு முழுக்க ஓய்ந்த பேக்கில் உயர்ந்த செல்லுக்கும் தாழ்ந்த செல்லுக்கும் நடுவே 20, 30 மில்லிவோல்ட் என்றால் ஆசிரியருக்குப் போன் போட்டு வரச் சொல்லலாம். கம்பளியை மட்டும் முன் சீட்டில் வைக்கச் சொல்லி.